தேதே ஏன் சேரவில்லை? சர்வாதிகார நாவலில் பணிதலும் எதிர்த்தலும்

சர்வாதிகாரத்தைப் பற்றிய நாவலை முதல்முறை கையில் எடுக்கும் வாசகர் பெரும்பாலும் ஒரு கணக்கோடுதான் உள்ளே போகிறார். ஒரு பக்கம் பணிந்து கிடக்கும் கூட்டம், மறுபக்கம் நிமிர்ந்து நிற்கும் சிலர். வீரர் யார், கோழை யார், காட்டிக்கொடுப்பவர் யார் என்று பிரித்துவிட்டால் கதை புரிந்துவிட்டதாக நினைப்பு. சுமாரான நாவல்கள் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். நல்ல நாவலில் காலையில் பணிகிறவரே மாலையில் எதிர்ப்பார், எதிர்க்கிறவரும் நடுவில் ஒரு தடவை கைதட்டிவிட்டு வருவார். இந்தக் கலவையை எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே நாவலை வைத்துக்கொள்வோம். ஹூலியா ஆல்வரெஸ் ஆங்கிலத்தில் எழுதி 1994-ல் வெளியான 'இன் தி டைம் ஆஃப் தி பட்டர்ஃபிளைஸ்'. டொமினிக்கன் குடியரசை 1930 முதல் 1961 வரை பிடித்து வைத்திருந்த ரஃபேல் ட்ருஹியோவின் ஆட்சியில் வாழ்ந்த மிராபால் சகோதரிகளின் கதை அது. பாட்ரியா, தேதே, மினெர்வா, மரியா தெரேசா என்று நால்வர். நால்வருமே உண்மையில் வாழ்ந்தவர்கள். தலைமறைவு இயக்கத்தில் இருந்த மூவர் 1960 நவம்பர் 25 அன்று மலைப்பாதையில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். தேதே மட்டும் மிஞ்சினார், 2014 வரை வாழ்ந்தார். முடிவை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். நாவலும் அதை மறைப்பதில்லை. ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஒரே ஆட்சி. அப்படியிருந்தும் நால்வரும் ஏன் நான்கு விதமாக நடந்துகொண்டார்கள்? நாவலை இழுத்துப்போவது இந்தக் கேள்விதான்.

முதலில், எதற்குப் பணிய வேண்டியிருந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். அது தெரியாமல் பணிந்தவர்களை எடைபோட முடியாது.

ட்ருஹியோ ராணுவத்திலிருந்து வந்தவர். பதவிக்கு வந்த சில ஆண்டுகளில், 1936-ல், தலைநகர் சாண்டோ டொமிங்கோவின் பெயரையே ட்ருஹியோ நகரம் என்று மாற்றிவிட்டார். நாட்டின் மிக உயரமான சிகரத்துக்கும் அன்று அவர் பெயர்தான். 1937-ல் எல்லைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டியர்களைக் கொல்லச் சொன்னதும் இதே ஆள்தான். நடைமுறையில் ஒரே கட்சி. அடையாள அட்டை, கட்சி அட்டை, ராணுவப் பயிற்சிக்கான அட்டை மூன்றையும் ஆண்கள் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்; வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டும். வீட்டுச் சுவரில் அவர் படம் தொங்க வேண்டும். கூடவே, இந்த வீட்டில் ட்ருஹியோதான் தலைவர் என்று எழுதிய ஒரு பலகை. ஐம்பதுகளின் கடைசியில் எஸ்.ஐ.எம். என்ற ராணுவ உளவுப் பிரிவு வந்தது. அதன் கறுப்பு ஃபோக்ஸ்வேகன் கார்கள் தெருவில் மெதுவாக ஊர்ந்தாலே ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும்.

இவற்றைவிட எனக்கு நுணுக்கமாகப் படுவது ஒரு செய்தித்தாள் பகுதி. 'எல் கரிபே' நாளிதழில் வாசகர் கடிதம் என்ற பெயரில் ஒரு பத்தி வந்துகொண்டிருந்தது. அதில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் பெயர் தெரியாத யாரோ குற்றம் சொல்லியிருப்பார்கள். உங்கள் பெயர் அதில் வந்துவிட்டால் வேலை போகும், நண்பர்கள் எதிர்ப்படும்போது தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார்கள். கடிதங்களில் பல அரண்மனையிலேயே தயாரானவை. அமைச்சர்கள்கூடக் காலையில் அந்தப் பத்தியைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். ஆட்சிக்கு நெருக்கமானவனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எப்படி வாய் திறப்பார்கள்?

இங்கே அடிப்படையான ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் ட்ருஹியோவை மனதார நேசிக்கிறீர்களா என்பது ஆட்சிக்கு அவ்வளவு முக்கியமில்லை. படம் சுவரில் தொங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு வீட்டில் தொங்கும் படத்துக்குத் தனியாகப் பெரிய பலம் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்க்கிறார். இவர்களே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்துத் தன் வீட்டிலும் மாட்டுகிறார். அவருடைய படத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். ஆளுக்கு ஆள் ஒருவரையொருவர் பயமுறுத்திக்கொள்ள, ஆட்சி சும்மா உட்கார்ந்திருக்கிறது. செக் நாட்டு எழுத்தாளர் வாக்லாவ் ஹாவெல் 1978-ல் எழுதிய ஒரு கட்டுரையில், தான் துளியும் நம்பாத கட்சி முழக்கத்தைக் கடை ஜன்னலில் வைக்கும் காய்கறிக் கடைக்காரரை வைத்து இதையே விளக்கினார். நாடு வேறு, சித்தாந்தமும் நேர் எதிர், இயங்கும் விதம் ஒன்றுதான்.

சரி, நாவலுக்குள் போவோம். எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் பணிவதில்லை என்பதை ஆல்வரெஸ் ஒரே வீட்டுக்குள் காட்டிவிடுகிறார். கடைக்குட்டி மரியா தெரேசா சிறுமியாக நாட்குறிப்பு எழுதுகிறாள். அவளுக்கு ட்ருஹியோ கடவுள் மாதிரி. தான் செய்வதையெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர். அவள் பணிவது நம்பிக்கையால். அப்பா என்ரிக்கேவுக்கு நம்பிக்கை ஒன்றும் கிடையாது. நிலமும் வியாபாரமும் பெண் பிள்ளைகளும் இருக்கும் மனிதர், வம்பு வேண்டாம் என்று இருக்கிறார். தோட்ட வேலைக்கு இருக்கும் பையன் இந்த வீட்டில் கேட்டதையெல்லாம் கொஞ்சம் சாராயத்துக்கும் சில காசுக்கும் உளவுத்துறையிடம் போய்ச் சொல்கிறான். அவனுக்கு இது ஒரு வரும்படி. முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி: 1943, குடும்பம் முற்றத்தில் உட்கார்ந்து இரவில் கதை பேசிக்கொண்டிருக்கிறது. பேச்சுவாக்கில் ட்ருஹியோவின் பெயர் வந்துவிடுகிறது. அவ்வளவுதான், சுற்றியிருக்கும் இருட்டு முழுக்க ஒற்றர்கள் நிற்பதுபோல் தேதேவுக்குத் தோன்றிவிடுகிறது. யாரும் மிரட்டவில்லை, யாரும் வரவுமில்லை. பேச்சு தானாக நின்றுபோகிறது. சர்வாதிகாரத்தின் வெற்றி என்று நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். சித்திரவதைக் கூடத்தை அல்ல.

அப்படியானால் எதிர்ப்பு எங்கிருந்து முளைக்கிறது? துண்டுப் பிரசுரத்திலிருந்தோ மேடைப் பேச்சிலிருந்தோ இல்லை. விடுதிப் பள்ளியில் ஓர் இரவு, சினிதா என்ற தோழி மினெர்வாவிடம் ரகசியமாக ஒன்று சொல்கிறாள். தன் மாமன்களையும் அண்ணனையும் கொன்றது ட்ருஹியோ. மினெர்வாவின் உலகம் அந்த இரவில் புரண்டுபோகிறது. பிறகு மினெர்வா அதைத் தங்கையிடம் சொல்ல, மரியா தெரேசாவுக்குச் சுவரில் இருக்கும் படம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கிறது. ஒருத்தி ஒருத்திக்குச் சொன்னாள், அவ்வளவே.

இந்த இடத்தில் உளவியலிலிருந்து ஒரு சோதனையைச் சேர்த்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். 1951-ல் சாலமன் ஆஷ் என்பவர் சில கோடுகளைக் காட்டி எது எதோடு ஒரே நீளம் என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும் கேள்வி. ஆனால் அறையில் இருந்த மற்றவர்களெல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள், வேண்டுமென்றே தவறான பதிலைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர் தந்த பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, கூட்டத்தோடு சேர்ந்து தவறாக இருந்தது. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது அப்படிச் செய்தார்கள். இத்தனைக்கும் அங்கே சிறையும் இல்லை, உளவாளியும் இல்லை. இதைவிடச் சுவாரசியமானது அடுத்த பகுதி: கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், இணங்கிப்போவது பெரிதும் குறைந்துவிடுகிறது. மினெர்வாவுக்கு அந்த ஒருவர் சினிதா. வதந்திக்கும் கிசுகிசுவுக்கும் சர்வாதிகாரிகள் ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது.

ஆனால் உண்மை தெரிந்தவர் எல்லோரும் கிளம்பிவிடுவார்களா? நாவலின் தொடக்கத்திலேயே மினெர்வா ஒரு முயல் கூண்டைத் திறந்துவிடுகிறாள். முயல் வெளியே வர மறுக்கிறது. அவள் தட்டித் துரத்தினாலும் அசையவில்லை. விடுவிக்கப் போய் அதை நோகடிக்கிறோம் என்று அவளுக்கே உறைக்கிறது. குறியீடு கொஞ்சம் பளிச்சென்றுதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இதை முயலைப் பற்றிய கேலியாக எடுத்துக்கொள்ளாமல் மினெர்வாவைப் பற்றிய எச்சரிக்கையாகவும் படிக்கலாம். மற்றவர்களின் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாதது அவளிடம் கடைசிவரை இருக்கும் ஒரு குறை.

நாவலில் மிகவும் பேசப்படும் காட்சி 1949-ன் விருந்து. நடனமாடும்போது ட்ருஹியோ மினெர்வாவை அத்துமீறி இழுக்கிறார். அவள் கை எழுந்து அவர் கன்னத்தில் விழுகிறது. ஆல்வரெஸ் இதை எழுதியிருக்கும் விதம் அழகு: கை தன்பாட்டுக்கு உயர்கிறது, அதற்கென்று தனி மனம் இருப்பதுபோல. திட்டமிட்ட வீரச் செயலே இல்லை. அடுத்து மழை கொட்டுகிறது, குடும்பம் அவசரமாகக் கிளம்பிவிடுகிறது. ட்ருஹியோ போகும் முன்பு விருந்தைவிட்டு யாரும் போகக் கூடாது என்பது விதி. கன்னத்தில் அறைந்ததைக்கூட மன்னித்துவிடலாம், முன்னதாகக் கிளம்பியதை மன்னிக்க முடியாது என்பதுபோல ஆகிவிடுகிறது. மன்னிப்புக் கேட்டுத் தந்தி அனுப்பியும் அப்பா கைதாகிறார். ஒரே இரவில் ஒரு குடும்பம் அறைந்தும் இருக்கிறது, மன்னிப்பும் கேட்டிருக்கிறது.

இதே மினெர்வா சில ஆண்டுகள் கழித்து மேடையேறி ட்ருஹியோவைப் புகழ்ந்து பேசுகிறாள். சட்டம் படிக்க அனுமதி வேண்டும், அதற்கு இதுதான் விலை. அனுமதி கிடைக்கிறது, படித்து முடிக்கிறாள். பட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு, வழக்கறிஞராகத் தொழில் செய்ய உரிமம் மட்டும் தர மாட்டேன் என்கிறது ஆட்சி. பேசியது தோல்விதானா, தந்திரமா? இரண்டு பதிலுக்கும் நாவலில் இடம் இருக்கிறது. சர்வாதிகாரத்தில் எதிர்ப்பாளர் என்று ஒரு தனி இனம் இல்லை. அவர்களும் அதே கல்லூரியில்தான் படிக்க வேண்டும், அதே அதிகாரியிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

மூத்தவள் பாட்ரியாவின் வழி இன்னும் வித்தியாசமானது. பக்தி நிறைந்தவள், பதினாறு வயதிலேயே கல்யாணம், பிள்ளைகள், பண்ணை. அரசியல் அவளுக்கு வேண்டாத விஷயம். 1959 ஜூன் 14 அன்று, நாடுகடத்தப்பட்டிருந்த டொமினிக்கர்கள் ட்ருஹியோவைக் கவிழ்க்க ஆயுதங்களோடு கான்ஸ்டன்சா மலைப்பகுதியில் வந்து இறங்கினார்கள். படையெடுப்பு நசுக்கப்பட்டது. நாவலில் அந்தச் சமயத்தில் பாட்ரியா அங்கே ஜெபத்துக்காகப் போயிருக்கிறாள். தன் பிள்ளை வயதில் ஒரு பையன் கண்ணெதிரில் சுடப்படுவதைப் பார்க்கிறாள். அவளை இயக்கத்துக்குள் கொண்டுவருவது தாய்மை. கொள்கை அப்புறம்தான் வருகிறது. அந்தத் தேதியின் பெயரையே சூட்டிக்கொண்ட இயக்கத்தின் கூட்டம் அவள் வீட்டிலேயே நடக்கிறது. 1960 ஜனவரியில் பெரிய அளவில் கைதுகள் நடந்தன. அதே மாதக் கடைசியில் கத்தோலிக்க ஆயர்கள் ஆட்சியைக் கண்டித்து எழுதிய கடிதம் கோயில்களில் வாசிக்கப்பட்டது. அதுவரை வாய்மூடி இருந்த திருச்சபை பேசியது, ஆஷ் சோதனையின் அந்த ஒரு குரலைப் பெரிய அளவில் எழுப்பியதுபோல.

கணவனும் மகனும் சிறைக்குப் போன பிறகு பாட்ரியா செய்வதுதான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. வாசலில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் ட்ருஹியோ படம். அதற்குப் பூ வைக்கிறாள், அதன் முன்னால் வேண்டிக்கொள்கிறாள். என்னை எடுத்துக்கொள், அவர்களை விட்டுவிடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய சரணாகதி இருக்க முடியாது. உள்ளே போய்ப் பார்த்தால், அந்த மனிதனிடம் மிச்சமிருக்கும் நல்லதைக் குத்திக் கிளப்பிவிட முடியுமா என்று ஒரு தாய் முயல்கிறாள். செயலை மட்டும் வைத்து அதைப் பணிவு என்று முத்திரை குத்தலாமா? நாவல் என்ற வடிவம் இதற்காகத்தான் இருக்கிறது. வரலாற்றுப் புத்தகம் பூ வைத்ததைச் சொல்லும், ஏன் வைத்தாள் என்பதற்குள் போகாது.

இனி தேதே.

நாவலின் சட்டகமே அவள்தான். 1994-ல் ஒரு பெண் பேட்டி காண வருகிறாள். தேதே பழையதைச் சொல்லத் தொடங்குகிறாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி உண்டு: நீங்கள் ஏன் சேரவில்லை? தேதேவிடம் ஒரு தயார் பதில் இருக்கிறது. கணவர் ஹைமிதோ விடவில்லை. அது பொய்யும் இல்லை. அந்த ஊரில் அந்தக் காலத்தில் கணவன் சொல்லை மீறுவது எளிதல்ல, பிள்ளைகளைப் பறித்துக்கொள்வேன் என்ற அச்சுறுத்தலும் இருந்தது. ட்ருஹியோவின் ஆட்சிக்குள் வீட்டுக்கு வீடு ஒரு குட்டி ட்ருஹியோ இருந்தான் என்பதை ஆல்வரெஸ் சொல்லாமல் சொல்கிறார். ஆனால் தேதே தனக்குத்தானே உண்மையைச் சொல்லிக்கொள்ளும் ஓர் இடம் வருகிறது. தனக்குப் பயமாக இருந்தது. கணவனின் பயத்துக்குப் பின்னால் தன் பயத்தை ஒளித்துக்கொண்டாள். அதற்கும் முன்பே, புரட்சிக்காரன் லியோவின் மீது தனக்கிருந்த ஈர்ப்பை ஒத்துக்கொள்ளவும் பயந்தாள். அவன் மினெர்வாவிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த கடிதத்தைப் பிரித்துப் படித்து எரித்தும் விட்டாள். தங்கையைக் காப்பாற்றவா, பொறாமையாலா? அவளாலேயே பிரிக்க முடியவில்லை.

இதை வைத்து அவளைக் கோழை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் 1960 ஜனவரியில் மினெர்வாவும் மரியா தெரேசாவும், சகோதரிகளின் கணவர்களும் சிறைக்குப் போனபோது தாயையும் அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது யார்? செய்தி விசாரிக்க உளவுத்துறை வாசலில் அலைந்தது யார்? நவம்பரில் உடல்களை வாங்கிவரப் போனதும் தேதேதான். இறந்தவர்களின் பிள்ளைகளை வளர்த்தாள், வீட்டை நினைவிடமாக்கினாள், வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னாள். அவள் உயிரோடு இருந்ததால்தான் கதை மிஞ்சியது. இதற்காக அவளது மறுப்பு சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் மறுத்தது பயத்தால்; பிறகு அவள் செய்தவற்றுக்கு வேறு விதமான தைரியம் வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே தராசில் போட்டுக் கழித்துப் பார்ப்பது வாசகருக்கு வரும் சபலம். தேதே அப்படிச் செய்வதில்லை.

மறுபக்கத்தில், சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றப்பட்ட மினெர்வாவைப் பாருங்கள். லா விக்டோரியா சிறைக்குள் மன்னிப்பை ஏற்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று மறுத்த அதே பெண், வெளியே வந்ததும் நடுங்குகிறாள். கூட்டத்தைக் கண்டாலே படபடப்பு, வீட்டைவிட்டு நகர மனமில்லை. ஊருக்கோ அவள் பட்டாம்பூச்சி (இயக்கத்தில் சகோதரிகளுக்கு இருந்த ரகசியப் பெயர், நாவலின் தலைப்பும் அதுதான்), இரும்பு மனுஷி. தெருவில் பார்ப்பவர்கள் ரகசியமாகக் கையைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்காகச் சிரித்த முகத்தை மாட்டிக்கொள்கிறாள். ட்ருஹியோவின் நாடகத்தில் நடிக்க மறுத்தவள் வீரப்பெண் என்ற பாத்திரத்தில் நடித்தாக வேண்டியிருக்கிறது. இணங்கிப்போதல் ஆட்சிக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது, எதிர்ப்புக்கும் அதன் எதிர்பார்ப்புகள் உண்டு.

நாவலைப் படிக்கும்போது பலரும் வேகமாகக் கடந்துபோகும் இன்னொரு கூட்டம் இருக்கிறது: கொன்றவர்கள். புவெர்த்தோ பிளாட்டா சிறையில் கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மூவரையும் ஓட்டுநர் ருஃபினோ தெ லா குருஸையும் மறித்து, அடித்துக் கொன்று, ஜீப்பைப் பள்ளத்தில் தள்ளி விபத்துபோல் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு மே 30 அன்று ட்ருஹியோ சுட்டுக் கொல்லப்பட்டார். 1962-ல் கொலைகாரர்கள் மீது வழக்கு நடந்தது. அவர்களில் ஒருவன் தந்த வாக்குமூலம் நாவலின் இறுதிப் பகுதியிலும் வருகிறது. இந்தக் கொடுமையைத் தடுக்க நினைத்தேன், தடுத்திருந்தால் ட்ருஹியோ எங்கள் எல்லோரையும் கொன்றிருப்பார் என்பது அதன் சாரம்.

அதையும் பயம் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் பொய் சொல்கிறான் என்றுகூட நான் நினைக்கவில்லை. தேதேவும் பயந்தாள், அவனும் பயந்தான். முற்றத்தில் பேச்சை நிறுத்தியவர்களும், படத்தை மாட்டிய பக்கத்து வீட்டுக்காரரும் பயந்தார்கள். பயந்தாரா இல்லையா என்று கேட்டால் இவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் வந்துவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால் வரிசை உடைந்துவிடுகிறது. தேதேவின் பயத்துக்கு விலை கொடுத்தவள் பெரும்பாலும் தேதேதான். கல்யாணத்தில் கொடுத்தாள், பிறகு முப்பது வருடத் தூக்கத்தில் கொடுத்தாள். அவனுடைய பயத்துக்கான விலையை மலைப்பாதையில் நான்கு பேர் கொடுத்தார்கள். தண்டிக்கப்பட்டவர்கள் 1965-ல் நடந்த உள்நாட்டுச் சண்டையின் குழப்பத்தில் சிறையிலிருந்து வெளியேறிவிட்டார்கள்.